செப்பாங்கில் ஒரு சனிக்கிழமை

கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு உறவினரை வழியனுப்பப் போகும் நம்மில் பலருக்கும் செப்பாங் பந்தயத் தளம் என்பது சாலையோரப் பலகையில் பார்க்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். "அங்கதானே ஃபார்முலா ஒன் நடந்துச்சு?" என்று யாராவது கேட்பார்கள். "அதெல்லாம் நின்னு போச்சு" என்று இன்னொருவர் பதில் சொல்வார். பேச்சு மீண்டும் பெட்டியின் எடைக்குத் திரும்பிவிடும்.

நின்றுபோனது ஃபார்முலா ஒன் மட்டும்தான். 1999இல் தொடங்கி 2017 வரை 19 முறை அந்தப் பந்தயம் அங்கே நடந்தது. தளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆண்டுதோறும் மோட்டோஜிபி வருகிறது. குட்டிப் பிள்ளைகள் கார்ட் ஓட்டப் பழகத் தனித் தடம் இருக்கிறது. அது போக, உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்கள் கட்டணம் கட்டி, வேலைக்குப் போகிற அதே வண்டியை அதே தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்களும் உண்டு. 'டிராக் டே' என்பார்கள். அப்படி ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நேரமிருந்தால் நெடுஞ்சாலையை விட்டு டெங்கில் வழியாகப் போங்கள். இருபுறமும் செம்பனை, இடையிடையே புதிய வீடமைப்புகள், காலையிலேயே புகை கிளப்பும் ரொட்டி சானாய் கடைகள். டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. புத்ராஜெயா எழுவதற்கு முன் அங்கே இருந்த பிராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் வந்து சேர்ந்த இடம் அது. நான் வானொலியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வட்டாரத்து நேயர்கள் அழைத்து, பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசுவார்கள். புதிய நிர்வாகத் தலைநகரம், விமான நிலையம், பந்தயத் தளம் எல்லாமே ஒரே பத்தாண்டில் இந்தப் பக்கம் எழுந்தவை. அந்த மண்ணில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலரை இன்று பந்தயத் தளத்தின் கொட்டகைகளில் ஸ்பேனரோடு பார்க்கலாம்.

நம் நாட்டுக்குக் கார்ப் பந்தயம் செப்பாங்கோடு வந்ததல்ல. 1968இல் திறக்கப்பட்ட ஷா ஆலாம் பத்து தீகா தளம் 2003இல் மூடப்படும்வரை பல தலைமுறைகளை ஈர்த்தது. இன்று அந்த இடத்தில் வீடுகள். ஜொகூரில் பாசீர் கூடாங் தளம் 1986இல் வந்தது. மலேசியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அலெக்ஸ் யூங் 2002இல் செப்பாங்கில் சொந்த மண்ணின் ரசிகர்கள் முன் ஓட்டினார். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் காரில் இங்கே 11ஆவதாக வந்தார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் 15ஆவதாக வந்தார். பரிசு மேடை இல்லைதான். ஆனாலும் அந்த எண்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் தமிழ் ரசிகர்கள் கூட்டம் ஒன்று இங்கே உண்டு. எனக்கு அவற்றைச் சொன்னவரும் அப்படி ஒருவர்தான். செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஃபோர்மன் அண்ணன்.

என் வண்டி ஒரு டொயோட்டா 86. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2 லிட்டர் இஞ்சின், 200 குதிரைத்திறன், கைக் கியர், பின்சக்கர இயக்கம். இதன் நான்கு சிலிண்டர்களும் படுத்தவாக்கில் இருப்பதால் இஞ்சினின் எடை தரையை ஒட்டியே இருக்கும். வளைவில் வண்டி குறைவாகச் சாயும். பின்னால் இரண்டு இருக்கைகள் உண்டு என்று பெயர். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். முதலாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. மைவி மனைவிக்கு. திங்கட்கிழமை காலையில் மகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவது என் முறை. அதனால் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சனிக்கிழமைக்காக வண்டியில் எதைச் செய்தாலும் திங்கட்கிழமைக்கு அது ஒத்துவர வேண்டும்.

அண்ணன் பட்டறையின் சட்டம் அதைவிடக் கடுமையானது. அவருடைய அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த ஒழுங்கு மகனிடமும் இருக்கிறது. கருவிகள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கும். "அண்ணே, கொஞ்சம் பவர் ஏத்தணும்" என்று யார் வந்தாலும் அவர் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. வண்டியைத் தூக்கி டயரைப் பார்ப்பார், பிரேக் கட்டையைப் பார்ப்பார். "இது நிக்கட்டும் தம்பி, அப்புறம் ஓடுறத பத்தி பேசலாம்லா" என்பார். நான் போனபோதும் அதே வசனம்தான்.

அதிலுள்ள கணக்கு எளிது. வண்டி நிற்கும்போது அதன் ஓட்டம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பிரேக்கில் சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரிலிருந்து நிற்பதைவிட, 180இலிருந்து நிற்கும்போது இரண்டரை மடங்குக்கும் அதிகமான சூடு பிறக்கிறது. நெடுஞ்சாலையில் அப்படி எப்போதாவதுதான் மிதிப்போம். செப்பாங்கில் ஒரு சுற்றுக்கே பல முறை கடுமையாக மிதிக்க வேண்டும். பிரேக் ஆறுவதற்கு நேரமே இருக்காது.

அந்தச் சூடு பிரேக் திரவத்துக்கும் போய்ச் சேரும். பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'டாட் 4' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். ஆவி சுருங்கிவிடும். கால் தரைவரை போகும், வண்டி நிற்காது.

அதனால் என் வண்டியில் முதலில் மாறியது திரவம்தான். அடுத்து பிரேக் கட்டை. முழுப் பந்தயக் கட்டை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வாசலில் அது குளிர்ந்து கிடக்கும், கூடவே கிறீச்சென்று கத்தும். எனவே இரண்டுக்கும் நடுவிலான ஒரு வகையைப் போட்டோம். மூன்றாவது, முன் சக்கரங்களின் சாய்வு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவை ஏறக்குறைய நேராக நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் தரையைத் தேய்க்கும். சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உள்ளே சாய்த்தால் வளைவில் முழு டயரும் தரையில் பதியும். அதிகம் சாய்த்தால் அன்றாட ஓட்டத்தில் உள் ஓரம் தேயும். எங்கள் சமரசம் 2 டிகிரி.

சிலவற்றை அண்ணன் செய்ய மறுத்துவிட்டார். காற்றுப் பை உள்ள இருக்கையைக் கழற்றிப் பந்தய இருக்கை போடுவதற்கு "பிள்ளை பின்னால உக்காருது" என்ற ஒரு வரிதான் பதில். காது பிளக்கும் புகைபோக்கி வேண்டாம், அக்கம்பக்கம் திட்டும், ஜேபிஜே நிறுத்தும். ஸ்பிரிங்கை அதிகம் தாழ்த்தினால் எங்கள் தாமானின் வேகத்தடை மேடுகளில் அடிவயிறு உரசும். இஞ்சினைத் தொடவே இல்லை. எண்ணெய் மட்டும் புதிது.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தளத்தை அடைந்தோம். வண்டியில் கழன்று பறக்கக்கூடிய எல்லாவற்றையும் இறக்கினோம். தரைவிரிப்பு, தண்ணீர்ப் போத்தல், சில்லறைக் காசு, மகளின் வண்ணப் பென்சில் டப்பா. அண்ணன் டார்க் ரெஞ்சை 120 நியூட்டன் மீட்டரில் வைத்துச் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டயரில் வழக்கமாக வைக்கும் 35 பிஎஸ்ஐ காற்றை 30க்கு இறக்கினார். ஓடி ஓடிச் சூடானால் காற்று தானே விரிந்து அழுத்தம் ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

பிறகு விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் வேகத்தைக் குறைத்துக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. நேர்ப்பாதையில் மட்டுமே முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் சிக்னல் காட்டி வழிவிட்ட பிறகு. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, தலைக்கவசம் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாரத்தில் கையெழுத்து. வழக்கமான வாகனக் காப்புறுதி தடத்தில் செல்லாது, சேதத்துக்கு நீங்களே பொறுப்பு. இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்கே. மொத்தம் 15 வளைவுகள், 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம். அதனால் இடப்பக்க டயர்களுக்குத்தான் அதிக வேலை. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் தடம் உள்ளே ஏறி இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான முதன்மை நேர்ப்பாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால், முதல் வலப்பக்க வளைவு நத்தை ஓடு போல உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகிறது. அது முடியும் முன்பே இடப்பக்கம் திருப்ப வேண்டும். 5, 6ஆம் வளைவுகளில் கழுத்து தோளோடு சண்டை போடும். 9ஆம் வளைவில் ஏறக்குறைய நடக்கும் வேகம் என்று தோன்றும். 2011 அக்டோபரில் இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் மார்கோ சிமோன்செல்லி உயிரிழந்தது 11ஆம் வளைவில். அந்த இடத்தைக் கடக்கும்போது என் கால் தானாகவே கொஞ்சம் எழுந்தது. 14இல் திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அன்று பலர் தடத்தை விட்டு வெளியே போனது அங்கேதான்.

நான்கு சுற்று ஓட்டி, ஐந்தாவதில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக வந்து வண்டியை ஆறவிட வேண்டும். கொட்டகையில் நிறுத்திய பிறகு கைப்பிரேக் போடக் கூடாது, கொதிக்கும் தகட்டைக் கட்டை கவ்விக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம். டயர் அழுத்தம் 36 காட்டியது. அண்ணன் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத் தலையசைத்தார்.

எங்களுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தம்பி. வயது இருபத்து மூன்று இருக்கும். டர்போ வண்டி, பின்னால் பெரிய இறக்கை, பளபளக்கும் சக்கரங்கள். கூடவே அவன் அம்மாவும் வந்திருந்தார். மடக்கு நாற்காலி, அடுக்குச் சட்டியில் புளிச்சாதம், கையில் செபமாலை. முதல் சுற்று முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகும் அவனைக் காணோம். கடைசியில் மிக மெதுவாக ஊர்ந்து வந்தான். இறங்கியபோது முகத்தில் நிறமே இல்லை. "14ல மிதிச்சேன் அண்ணே. கால் நேரா கீழ போயிருச்சு." மணல் பரப்பு அகலமாக இருந்ததால் வண்டி அதில் இறங்கித் தானாக நின்றிருக்கிறது. அவனுக்கும் வண்டிக்கும் கீறல் இல்லை.

அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பிரேக் திரவ மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே இருந்தது கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. வண்டியை வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறதாம். டர்போ, சக்கரம், இறக்கை, ஒலிபெருக்கி எல்லாம் மாறியிருக்கின்றன. நூறு ரிங்கிட்டுக்குள் முடிகிற திரவம் மட்டும் மாறவே இல்லை.

பிரேக் முழுவதும் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அண்ணன் தன் கைவசம் இருந்த போத்தலை எடுத்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கீழே, ஒருவர் பெடலில். தம்பியின் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவே எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "அமுக்குங்கம்மா... பிடிச்சுக்குங்க... இப்ப விடுங்க" என்று கீழிருந்து அண்ணன் குரல் கொடுக்க, ஒவ்வொரு சக்கரமாகக் கறுப்புத் திரவமும் குமிழ்களும் குழாய் வழியே வெளியேறின. நான்காவது சக்கரத்தில் தேன் நிறத்தில் தெளிந்து வந்தபோது, "இப்ப பெடலு கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா.

இறங்கி வந்தவர் என்னிடம் கேட்டார், "ரேடியோல பேசுற தம்பிதானே நீங்க? ராத்திரில ஹைவேல கூட்டாளிங்களோட ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சான். ஓட்டுறதுன்னா நானும் வரேன், உள்ள வந்து ஓட்டுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். நான் செஞ்சது சரிதானே?"

ஒலிவாங்கி முன்னால் எனக்கு உடனே பதில் வரும். அன்று வரவில்லை. இங்கேயும் ஆபத்து இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் எதிரே லாரி வராது, குறுக்கே மோட்டார் சைக்கிள் வராது, மணல் பரப்பு இருக்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறார் என்றேன். சாலையில் நடந்திருந்தால் என்ற வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. செப்பாங் மழை பெயர் போனது. 2009இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, முதலில் வந்த ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளிகளோடு அனுப்பி வைத்த மழை அது. எல்லாரும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். புளிச்சாதம் கை மாறியது. அப்போதுதான் அண்ணன் அந்தத் தம்பியிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான். பத்தொம்பது வயசு. ராத்திரி ரேஸுக்குப் போவான். அவன் வண்டிக்கு இஞ்சின் கட்டிக் குடுத்தது நான்தான். நல்லா கட்டுனேன். பிரேக்கு கம்பெனில வந்ததே இருந்துச்சு, அத யாரும் பாக்கல." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அன்னையிலேருந்து நான் மொதல்ல பிரேக்குதான் பாப்பேன்."

ஆறு ஆண்டுகளாக அவர் பட்டறைக்குப் போகிறேன். இதை அன்றுதான் கேட்டேன். இரவு நிகழ்ச்சிகளில் விபத்துச் செய்தி வாசிக்கும்போது சாலையின் பெயரும் கிலோமீட்டரும் சொல்வோம். போனவரின் பெயர் பெரும்பாலும் அப்போது தெரிந்திருக்காது. அந்தச் செய்திக்குப் பின்னால் ஓர் அண்ணன், ஒரு பட்டறை, சுவரில் ஒழுங்காகத் தொங்கும் ஸ்பேனர்கள் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மழை விட்டதும் ஈரத் தடத்தில் ஒரு சுற்றுக்கு அனுமதித்தார்கள். அதில் வேகத்துக்கு வேலையே இல்லை. ஸ்டீரிங்கை மெல்லத் திருப்பு, பிரேக்கை மெல்ல அழுத்து, எண்ணெயை மெல்லக் கொடு. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணம் இடுப்பில் தெரிகிறது. அந்த உணர்வைப் பாதுகாப்பாகப் பழக இப்படி ஒரு நனைந்த காலி இடத்தைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஈப்போ தம்பியும் வந்தான். இறக்கை வைத்த அந்த வண்டி என் பின்னாலேயே, முந்த முயலாமல், மூன்று சுற்று வந்தது.

மாலையில் டயர்கள் ஆறியதும் அழுத்தத்தை மீண்டும் 35க்கு ஏற்றினோம். பலர் மறக்கும் வேலை இது. சூட்டில் காற்றை இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பினால், நெடுஞ்சாலையில் டயர் காற்றுக் குறைவாக ஓடும். நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தோம். வண்ணப் பென்சில் டப்பா பின்னிருக்கைக்குத் திரும்பியது.

செப்பாங் போகப் பந்தயக் கார் வேண்டியதில்லை. அன்று மைவியும் சத்ரியாவும் ஓடின. ஓட்ட விருப்பமில்லாவிட்டால் சும்மா பார்க்கவும் போகலாம். போகுமுன் தளத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியும், சத்தத்துக்குக் காதடைப்பானும், எல்லாருக்கும் குடையும் கொண்டுபோங்கள்.

போகாவிட்டாலும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது, பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றியது என்று உங்கள் ஃபோர்மனிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் என்றால் மாற்றச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கெந்திங் மலை ஏறிவிட்டு, நான்கு பேரும் பெட்டிகளுமாக இறங்கும்போது உங்கள் பிரேக்குக்கும் சூடு ஏறும். அங்கே மணல் பரப்பு கிடையாது.